விஸ்பியரில் மெய்நிகர் வட்டுகளை ஸ்கிரிப்ட் மூலம் பெருக்குதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

விஎம்வேர் விஸ்பியர் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்) சூழலைக் கவனிக்கும் பொறுப்புக்குப் புதிதாக வருபவரின் மேசைக்கு அடிக்கடி வந்து சேரும் கோரிக்கை, “இந்த சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்” என்பதுதான். பத்து விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) உள்ள இடத்தில், அவற்றை நிர்வகிக்கும் விசென்டரின் திரையைத் திறந்து, வட்டின் அளவை மாற்றி, உள்ளே நுழைந்து கோப்பு முறைமையை நீட்டித்துவிட்டு வெளியே வருவது பெரிய வேலை அன்று. நூற்றுக்கணக்கான விஎம்கள் இருக்கும் இடத்தில் இதே வேலை ஒருவருடைய நாளை முழுவதும் விழுங்கிவிடும் என்பதால்தான் ஸ்கிரிப்ட் தேவைப்படுகிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். விஸ்பியரில் ஒரு வட்டைப் பெருக்கலாம். பெருக்கிய வட்டைச் சுருக்க வழியில்லை. 60 ஜிபி ஆக்க வேண்டியதைத் தவறுதலாக 600 ஜிபி ஆக்கிவிட்டால், சிறிய வட்டு ஒன்றைப் புதிதாக இணைத்து, தரவை அதற்கு நகலெடுத்து, சேவையை நிறுத்தி மாற்றுவதைத் தவிர வேறு மீட்சி இல்லை. ஆகவே வட்டைப் பெருக்கும் ஸ்கிரிப்டில் பெருக்கும் கட்டளை ஒரே ஒரு வரியாகத்தான் இருக்கும்; மற்ற வரிகள் எல்லாம் எந்தச் சூழலில் பெருக்கக் கூடாது என்று கண்டுபிடிப்பதற்காக எழுதப்படுபவை. அந்த வரிகளை எழுதும் வரிசையிலேயே இந்த வழிகாட்டியும் செல்கிறது.

தேவையான கருவிகளும் கணக்கும்

நாம் பயன்படுத்தப்போவது, பவர்ஷெல் என்ற கட்டளை மொழியின் மேல் இயங்கி விஸ்பியருக்கான கட்டளைகளைத் தரும் பவர்சிஎல்ஐ. 2018இல் வெளியான 10ஆம் பதிப்பு முதல் இது லினக்ஸிலும் மேக்கிலும் இயங்குகிறது. விஎம்வேர் நிறுவனம் பிராட்காமின் கைக்கு வந்த பிறகு, 9 என்று எண்ணிடப்பட்ட புதிய பதிப்பு விசிஎஃப் பவர்சிஎல்ஐ என்ற பெயரில் வருகிறது. பெயர் மாறினாலும் கீழே வரும் கட்டளைகள் பழையவையே. இன்ஸ்டால்-மாட்யூல் கட்டளையால் இதை நிறுவிவிட்டு, கனெக்ட்-விஐசர்வர் கட்டளையால் விசென்டருடன் இணையவும்.

இணையும்போது சான்றிதழ் செல்லாது என்ற பிழை வந்தால், சான்றிதழ் சோதனையையே புறக்கணிக்கும்படி அமைப்பை மாற்றும் வரி ஒன்று எல்லா இடங்களிலும் நகலெடுக்கக் கிடைக்கும். சோதனைச் சூழலில் அது பரவாயில்லை. ஆனால் கடவுச்சொல்லை அனுப்பி, வட்டுகளையே மாற்றப்போகும் ஸ்கிரிப்ட், தான் பேசுவது உண்மையான விசென்டருடன்தானா என்று பார்க்காமல் இருப்பது சரியன்று. விசென்டரின் மூலச் சான்றிதழை அதன் முகப்புப் பக்கத்திலிருந்து இறக்கி, ஸ்கிரிப்ட் ஓடும் கணினியில் நம்பகமானதாகச் சேர்த்துவிட்டால் பிழை தானாக நின்றுவிடும்.

அடுத்து, ஸ்கிரிப்டுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கவும். நிர்வாகியின் கணக்கை அதற்குக் கொடுக்காதீர்கள். விசென்டரில் புதிய பாத்திரம் (உரிமைகளின் தொகுப்பு) ஒன்றை வரையறுத்து, டேட்டாஸ்டோரை (வட்டுக் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடம்) உலாவுதல், டேட்டாஸ்டோரில் இடம் ஒதுக்குதல், விஎம்மில் புதிய வட்டைச் சேர்த்தல், வட்டை நீட்டித்தல் ஆகிய உரிமைகளை மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள். சோதனை ஓட்டத்தில் ஏதேனும் குறைந்தால் அந்த ஒன்றை மட்டும் சேருங்கள். வட்டை அகற்றும் உரிமையும் கோப்பை அழிக்கும் உரிமையும் இந்தக் கணக்குக்கு எந்நாளும் தேவையில்லை. ஸ்கிரிப்டில் எவ்வளவு பெரிய பிழை நேர்ந்தாலும் ஒரு வட்டுகூட அழியாது என்ற உறுதியை இந்த ஓர் ஏற்பாடே தந்துவிடுகிறது.

பழகுவதற்கு 20 ஜிபி அளவில் இயங்குதள வட்டும், 10 ஜிபி அளவில் தரவு வட்டும் கொண்ட ஒரு லினக்ஸ் விஎம்மை உருவாக்கிக்கொள்ளவும்.

பார்க்க மட்டும் செய்யும் ஸ்கிரிப்ட்

முதலில் எழுத வேண்டியது எதையும் மாற்றாத அறிக்கை ஸ்கிரிப்ட். கெட்-விஎம் தரும் பட்டியலை கெட்-ஹார்ட்டிஸ்க் கட்டளைக்குக் குழாய் (பைப்) வழியாக அனுப்பினால், ஒவ்வொரு வட்டுக்கும் பெயர், ஜிபியில் கொள்ளளவு, சேமிப்பு வகை, கோப்பின் பாதை ஆகியவை கிடைக்கும். கோப்பின் பாதையில் டேட்டாஸ்டோரின் பெயர் சதுர அடைப்புக்குள் முதலில் வரும். அதைப் பிரித்தெடுத்துத் தனிப் பத்தியாக வைத்துக்கொள்வது பின்னால் பலவிதத்தில் உதவும்.

விஎம்முக்குள்ளே உண்மையில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து வட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு விஎம்மில் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது ஓடினால், விஎம் பொருளின் கெஸ்ட் என்ற பண்புக்குள் இருக்கும் டிஸ்க்ஸ் பட்டியல், ஒவ்வொரு கோப்பு முறைமையின் பாதையையும் அளவையும் காலி இடத்தையும் தரும். டூல்ஸ் ஓடாத விஎம்களை அறிக்கையிலிருந்து விட்டுவிடாமல், “தகவல் இல்லை” என்று குறித்து எழுதுங்கள். பட்டியலில் இல்லாத விஎம் நலமாக இருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

மூன்றாவது தகவல் டேட்டாஸ்டோரைப் பற்றியது. புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். தின் வகை வட்டு, 100 ஜிபி என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், எழுதப்பட்ட அளவுக்கு மட்டுமே டேட்டாஸ்டோரில் இடம் எடுத்துக்கொள்ளும். ஐந்நூறு பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு முந்நூறு பேருக்குச் சமைக்கும் கல்யாண வீட்டுக் கணக்கு இது; பெரும்பாலும் சரியாகவே போகும், எல்லோரும் ஒரே வேளையில் பந்திக்கு வராதவரை. இந்தக் கணக்கைக் கண்டுகொள்ள, டேட்டாஸ்டோரின் சம்மரி பண்புகளில் அன்கமிட்டட் என்று ஓர் எண் இருக்கிறது: வாக்களிக்கப்பட்டு இன்னும் எழுதப்படாத இடத்தின் அளவு அது, பைட்டுகளில். கொள்ளளவிலிருந்து காலி இடத்தைக் கழித்து, இந்த எண்ணைக் கூட்டினால் மொத்தம் எவ்வளவு வாக்களித்திருக்கிறோம் என்பது தெரியும். 1000 ஜிபி டேட்டாஸ்டோரில் 420 ஜிபி காலியாக இருக்கிறது, அன்கமிட்டட் 700 ஜிபி என்றால், வாக்களித்தது 1280 ஜிபி, அதாவது 128 சதவீதம். 420 ஜிபி காலி என்று மட்டும் பார்க்கிறவருக்கு இந்த ஆபத்து கண்ணில் படாது.

டேட்டாஸ்டோர் முழுதாக நிறைந்துவிட்டால், அதன்மேல் தின் வட்டோ ஸ்னாப்ஷாட்டோ (விஎம்மின் ஒரு கண நிலையைப் பிடித்து வைப்பது) வைத்திருக்கும் விஎம்கள் அடுத்து எழுத முயலும் கணத்தில் அப்படியே உறைந்து நின்று, இடம் இல்லை, மீண்டும் முயலவா என்று விசென்டரில் கேள்வி எழுப்பும். ஒரு விஎம்முக்கு இடம் கொடுக்கப்போய்ப் பத்து விஎம்களை நிறுத்துவது இப்படித்தான் நேர்கிறது. டேட்டாஸ்டோர் பயன்பாட்டுக்கு விசென்டர் இயல்பாக வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு 75 சதவீதம், அபாய அளவு 85 சதவீதம். உங்கள் அறிக்கையிலும் அதே எண்களை வைத்துக்கொண்டால் விசென்டர் ஒன்று சொல்ல ஸ்கிரிப்ட் வேறொன்று சொல்லும் குழப்பம் வராது.

இந்த அறிக்கையைச் சில வாரங்கள் தினமும் ஓடவிட்டுப் படித்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். எந்த விஎம் எவ்வளவு வேகத்தில் நிறைகிறது என்பது அதற்குள் உங்களுக்கே பழகிவிடும்.

கோரிக்கையை எப்படி எழுதிக்கொள்வது

பெருக்கும் ஸ்கிரிப்டுக்கு உள்ளீடாக ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்பு போதும்: விஎம்மின் பெயர், வட்டின் பெயர், வேண்டிய அளவு, கோரிக்கை எண். இதில் வேண்டிய அளவு என்பதை எப்போதும் இறுதி அளவாகவே எழுதுங்கள். “20 ஜிபி கூட்டு” என்று எழுதாமல் “60 ஜிபி ஆக்கு” என்று எழுதுவதன் பயன், ஸ்கிரிப்ட் பாதியில் அறுந்து மறுபடி ஓட்டப்படும்போது தெரியும். கூட்டச் சொன்ன ஸ்கிரிப்ட், முதல் ஓட்டத்தில் ஏற்கெனவே 60 ஆகிவிட்ட வட்டை 80 ஆக்கும். ஆக்கச் சொன்ன ஸ்கிரிப்ட், 60 இருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். சுருக்க முடியாத ஒன்றில் இந்த வேறுபாடு பெரியது.

பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. கெட்-விஎம் கட்டளை தனக்குத் தரப்படும் பெயரில் நட்சத்திரக் குறியை ஏற்றுக்கொள்ளும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் பார்க்காது. ‘ஆப்1’ என்பதற்குப் பின்னால் யாரோ ஒரு நட்சத்திரத்தை விட்டுவைத்திருந்தால் ஆப்1, ஆப்10, ஆப்11 மூன்றும் பிடிபடும். வெவ்வேறு கோப்புறைகளில் ஒரே பெயரில் இரண்டு விஎம்கள் இருக்கவும் விசென்டர் இடம் தருகிறது. எனவே கிடைத்த விஎம்களின் எண்ணிக்கை சரியாக ஒன்று இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அந்த வரியைக் கைவிட்டு, காரணத்தைப் பதிவுசெய்துவிட்டு நகர வேண்டும். பூச்சியமும் பிழை, இரண்டும் பிழை.

மறுக்க வேண்டிய சூழல்கள்

முதன்மையானது ஸ்னாப்ஷாட். ஸ்னாப்ஷாட் உள்ள விஎம்மின் வட்டை விஸ்பியர் நீட்டிக்க விடாது. கெட்-ஸ்னாப்ஷாட் கட்டளை எதையேனும் திருப்பித் தந்தால் நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அந்தக் கட்டளை ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் வட்டு ஸ்னாப்ஷாட்டின் மேல் ஓடிக்கொண்டிருக்கலாம். காப்புப்பிரதி மென்பொருள் இரவில் தற்காலிக ஸ்னாப்ஷாட் எடுத்து, வேலை முடிந்ததும் அழிக்கிறது. அழிக்கும்போது, அதன் மாற்றங்களை மூல வட்டுடன் சேர்க்கும் ஒன்றிணைப்பு தடைப்பட்டால், பட்டியலிலிருந்து ஸ்னாப்ஷாட் மறைந்துவிடும், அந்த மாற்றங்கள் எழுதப்பட்ட டெல்டா கோப்பு மட்டும் தங்கிவிடும். அப்போது வட்டுக் கோப்பின் பெயரின் கடைசியில் ‘-000001’ போன்ற ஆறிலக்க எண் ஒட்டியிருக்கும். ஆகவே பெயரின் அந்த வாலையும், விஎம்மின் ரன்டைம் பண்புகளில் உள்ள கன்சாலிடேஷன்-நீடட் என்ற கொடியையும் ஸ்கிரிப்ட் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று தென்பட்டாலும் வட்டைத் தொடாமல் மனிதரிடம் ஒப்படைப்பது நல்லது. ஸ்கிரிப்டே ஸ்னாப்ஷாட்டை அழித்துவிட்டுப் பெருக்கினால் என்ன என்று தோன்றும். அந்த ஸ்னாப்ஷாட்டை யார், எதற்காக வைத்தார் என்பது ஸ்கிரிப்டுக்குத் தெரியாது.

இதன் தொடர்ச்சியாக, காப்புப்பிரதி ஓடும் நேரத்தில் இந்த ஸ்கிரிப்ட் ஓடக் கூடாது. அந்த நேரத்தில் ஓடினால் பாதி விஎம்கள் ஸ்னாப்ஷாட்டில் இருக்கும், பாதிக் கோரிக்கைகள் மறுக்கப்படும்.

அடுத்த சோதனை டேட்டாஸ்டோரின் இடம். கூட்டப்போகும் அளவு முழுவதும் எழுதப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொண்டு, அதன் பிறகும் பயன்பாடு 85 சதவீதத்தைத் தாண்டாது என்றால் மட்டும் அனுமதிக்கவும். ஒரே ஓட்டத்தில் ஐந்து வட்டுகளை ஒரே டேட்டாஸ்டோரில் பெருக்குவதாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சோதிப்பது போதாது. கூட்டுத்தொகைக்குச் சோதிக்க வேண்டும், ஏனெனில் தின் வட்டுகளைப் பெருக்கியவுடன் காலி இடம் குறைந்து தெரியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐடிஇ என்ற பழைய வகைக் கட்டுப்படுத்தியில் இணைந்த வட்டை விஎம் ஓடும்போது பெருக்க முடியாது. ஒரு வட்டின் உச்ச அளவு 62 டிபி. எம்பிஆர் என்ற பழைய வகைப் பகிர்வு (பார்ட்டிஷன்) அட்டவணை உள்ள வட்டை 2 டிபிக்கு மேல் பெருக்கினால் விஸ்பியர் மறுக்காது, ஆனால் விஎம்முக்குள் அந்தக் கூடுதல் இடம் யாருக்கும் எட்டாது. கேட்கப்படும் அளவு இப்போதைய அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் மனித ஒப்புதல் தேவை என்று நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்; 60க்குப் பதில் 600 என்று தட்டச்சுப் பிழை நேர்வதை இதைவிட மலிவாகத் தடுக்க முடியாது.

பெருக்கும் வரி

செட்-ஹார்ட்டிஸ்க் கட்டளைக்கு வட்டையும் புதிய கொள்ளளவையும் கொடுத்தால் வேலை முடிந்தது. இந்தக் கட்டளை இயல்பாகவே உறுதிப்படுத்தக் கேட்கும். ஆளில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக கன்ஃபர்ம் என்ற அளவுருவைப் பொய் என்று வைத்து அந்தக் கேள்வியை அணைப்பார்கள். முதல் சில ஓட்டங்களில் அணைக்காதீர்கள். அதற்கும் முன்னால் வாட்-இஃப் சுவிட்சைச் சேர்த்து ஓட்டினால், எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் திரையில் காட்டும். கட்டளை முடிந்ததும், அது பிழையின்றித் திரும்பியது என்பதோடு நிற்காமல், கெட்-ஹார்ட்டிஸ்க்கை மறுபடி அழைத்து, புதிய அளவு கேட்ட அளவுதானா என்று ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதவும்.

விஎம்முக்குள் நடக்க வேண்டியது

வட்டைப் பெருக்கிய பிறகும் உள்ளே பார்த்தால் பழைய அளவே தெரியும். உங்கள் சோதனை விஎம்மின் 10 ஜிபி தரவு வட்டை 15 ஆக்கிவிட்டு, கோப்பு முறைமையின் அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்தால் 10தான் வரும். வட்டு, பகிர்வு, எல்விஎம் அடுக்கு (வட்டிடத்தைத் தொகுத்துப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி), கோப்பு முறைமை என்று மேலே மேலே உள்ள ஒவ்வொரு படிக்கும் இடம் கூடிய செய்தியைத் தனித்தனியே சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால், விசென்டரில் ‘ஹார்ட் டிஸ்க் 2’ என்று இருப்பது லினக்ஸில் எந்த வட்டு என்று தெரிய வேண்டும். இரண்டாவது வட்டு என்றால் லினக்ஸில் எஸ்டிபி (sdb) என்ற பெயருடையது என்று எடுத்துக்கொள்வது பலருடைய வழக்கம். லினக்ஸ் கர்னல் அந்த வரிசைக்கு எந்த உறுதியும் தருவதில்லை, மறுதொடக்கத்தில் அது மாறலாம். நம்பத்தக்க அடையாளம் வட்டின் யூயூஐடி என்ற தனித்த எண் மட்டுமே. பவர்சிஎல்ஐயில் வட்டுப் பொருளின் பேக்கிங் பண்புக்குள் அது இருக்கும். விஎம்வேர் வட்டுகளுக்கு அது 6000சி29 என்று தொடங்கும். விஎம்மின் மேம்பட்ட அமைப்புகளில் டிஸ்க்.எனேபிள்யூயூஐடி என்பதை ட்ரூ என்று வைத்திருந்தால், லினக்ஸில் எல்எஸ்பிஎல்கே கட்டளையின் வரிசை எண் பத்தியில் அதே எண் இடைக்கோடுகள் இல்லாமல் தெரியும். இடைக்கோடுகளை நீக்கி, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிட்டால் எது எதுவென்பதில் ஐயம் இருக்காது. இந்த அமைப்பை மாற்ற விஎம்மை அணைக்க வேண்டியிருக்கும் என்பதால், புதிய விஎம்களுக்கான டெம்ப்ளேட்டிலேயே இதைச் சேர்த்துவைப்பது பின்னால் வரும் பல சிக்கல்களைத் தவிர்க்கும்.

லினக்ஸில் வரிசை இதுதான். முதலில் வட்டின் சிஸ்எஃப்எஸ் (/sys) கோப்புறையில் உள்ள ரீஸ்கேன் கோப்பில் 1 என்று எழுதினால், கர்னல் புதிய அளவை உணர்ந்துகொள்ளும். வட்டில் பகிர்வு இருந்தால் குரோபார்ட் கட்டளை அதை வட்டின் இறுதிவரை நீட்டும். நீட்ட எதுவும் இல்லாத நிலையில் இந்தக் கட்டளை 1 என்ற எண்ணோடு வெளியேறும், அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளவும். எல்விஎம் இருந்தால், அடுத்து வட்டின் புதிய அளவை அதற்குச் சொல்லும் பிவிரீசைஸ், அதன் பிறகு அதிலுள்ள பகுதியை நீட்டும் எல்விஎக்ஸ்டெண்ட். எல்விஎக்ஸ்டெண்டுக்குச் சிறிய ஆர் சுவிட்சைக் கொடுத்தால் கோப்பு முறைமையையும் சேர்த்தே நீட்டிவிடும். எல்விஎம் இல்லாத இடத்தில் கோப்பு முறைமைக்கு ஏற்ற கட்டளையை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்: எக்ஸ்ட்4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், இது சாதனத்தின் பெயரைக் கேட்கும், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்-குரோஎஃப்எஸ், இதற்கு ஏற்றப்பட்ட கோப்புறையின் பாதையைக் கொடுக்க வேண்டும். இரண்டும் சேவையை நிறுத்தாமலே நடக்கும்.

என்னைக் கேட்டால், தரவு வட்டில் பகிர்வே போடாமல் முழு வட்டையும் நேரடியாக எல்விஎம்முக்குக் கொடுப்பது தானியக்கத்துக்கு வசதி. ஒரு படி குறைகிறது, எம்பிஆர் கவலையும் போய்விடுகிறது. பகிர்வு இல்லாத வட்டைக் காலி வட்டு என்று நினைத்து யாராவது அழித்துவிடுவார்கள் என்று இதை மறுக்கும் நிர்வாகிகளும் உண்டு. அவர்கள் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது என்பதால், ஒரு நிறுவனத்துக்குள் இரண்டில் ஒன்றை முடிவுசெய்து எல்லா விஎம்களிலும் அதையே கடைப்பிடித்தால் போதும்.

விண்டோஸில் அப்டேட்-ஹோஸ்ட்ஸ்டோரேஜ்கேஷ் கட்டளை வட்டை மறுபடி பார்க்கச் செய்யும். கெட்-பார்ட்டிஷன்சப்போர்ட்டட்சைஸ் தரும் உச்ச அளவை ரீசைஸ்-பார்ட்டிஷனுக்குக் கொடுக்கவும். சி டிரைவுக்கு அடுத்து மீட்புப் பகிர்வு உட்கார்ந்திருந்தால் அந்த உச்ச அளவு இப்போதைய அளவாகவே இருக்கும். கூடிய இடம் மீட்புப் பகிர்வுக்கு அந்தப் பக்கம் கிடக்கும். மீட்புப் பகிர்வை அகற்றும் வேலையை ஸ்கிரிப்டிடம் விடாமல், அது நின்று சொன்னதும் நீங்கள் செய்யுங்கள்.

இந்தக் கட்டளைகளை விஎம்முக்குள் ஓட்ட இன்வோக்-விஎம்ஸ்கிரிப்ட் உதவும். டூல்ஸ் வழியாகச் செல்வதால் விஎம்முடன் நெட்வொர்க் இணைப்புகூடத் தேவையில்லை. ஏற்கெனவே ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவியைப் பயன்படுத்தும் இடத்தில் உள்வேலையை அதனிடம் விடுவதே சீராக இருக்கும்.

புதிய வட்டும் பழைய வட்டும்

புதிய வட்டைச் சேர்க்க நியூ-ஹார்ட்டிஸ்க் கட்டளைக்கு அளவையும் சேமிப்பு வகையையும் கொடுக்கவும். அகற்றும் ரிமூவ்-ஹார்ட்டிஸ்க், வட்டை விஎம்மிலிருந்து கழற்றுவதோடு நின்றுவிடும். டிலீட்-பெர்மனன்ட்லி சுவிட்சைச் சேர்த்தால்தான் கோப்பும் டேட்டாஸ்டோரிலிருந்து அழியும். தானாக ஓடும் எந்த ஸ்கிரிப்டிலும் அந்தச் சுவிட்ச் இடம்பெறக் கூடாது.

தானாக ஓடவிடுதல்

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலோ லினக்ஸின் கிரானிலோ ஸ்கிரிப்டைப் பதிவுசெய்யும்போது, ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடாதபடி பூட்டுக் கோப்பு ஒன்றை வைக்கவும். ஒவ்வொரு வரிக்கும் தேதி, விஎம், பழைய அளவு, புதிய அளவு, கோரிக்கை எண், மறுத்திருந்தால் அதன் காரணம் ஆகியவை பதிவேட்டில் ஏற வேண்டும். மறுப்புகளின் பட்டியலைத்தான் காலையில் முதலில் படிப்பீர்கள்.

கோரிக்கையே இல்லாமல், 90 சதவீதம் நிறைந்தால் தானாகப் பெருக்கிவிடலாமே என்ற ஆசை சீக்கிரமே வரும். அதைக் கடைசிக் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டு நிறைவதற்குப் பெரும்பாலும் காரணம் வளரும் தரவு மட்டுமன்று. சுழற்சி அமைக்கப்படாத லாக் கோப்போ, யாரும் அழிக்காத பழைய டேட்டாபேஸ் டம்ப்போ இருக்கலாம். அதற்குத் தானாக இடம் கொடுத்துக்கொண்டே போகும் ஸ்கிரிப்ட், பிழையை மறைத்து டேட்டாஸ்டோரைத் தின்னக் கொடுக்கும். அப்படியும் வேண்டுமென்றால், தரவு வட்டுகளுக்கு மட்டும், ஒரு முறைக்கு இவ்வளவு, ஒரு வாரத்துக்கு இவ்வளவு என்று இரண்டு உச்சவரம்புகளோடு அனுமதிக்கலாம்; வரம்பைத் தொட்ட விஎம்மை ஒருவர் திறந்து பார்த்தாக வேண்டும்.

அநாதை வட்டுகள்

டேட்டாஸ்டோரில் இருக்கும் விஎம்டிகே (மெய்நிகர் வட்டு) கோப்புகளின் பட்டியலிலிருந்து, கெட்-ஹார்ட்டிஸ்க் தரும் பாதைகளைக் கழித்தால் எந்த விஎம்முக்கும் சொந்தமில்லாத கோப்புகள் மிஞ்சும். இந்தப் பட்டியலை ஸ்கிரிப்ட் தயாரிக்கலாம். அழிக்கும் முடிவை அதற்குக் கொடுக்கக் கூடாது. ஸ்னாப்ஷாட்டில் ஓடும் விஎம்முக்கு கெட்-ஹார்ட்டிஸ்க் டெல்டா கோப்பை மட்டுமே சொல்லும் என்பதால், அதன் மூல வட்டும் இந்தப் பட்டியலில் அநாதையாகத் தோன்றும். டெம்ப்ளேட்டுகளின் வட்டுகளும், அதே டேட்டாஸ்டோரைப் பகிர்ந்துகொள்ளும் இன்னொரு விசென்டரின் விஎம்களும், குபெர்னெட்டிஸ் என்ற கன்டெய்னர் தளத்துக்காக எஃப்சிடி கோப்புறையில் உருவான வட்டுகளும் அப்படியே. இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்த பின் எஞ்சும் கோப்புகளை, அவை இருக்கும் கோப்புறையின் பெயரை வைத்துப் பழைய உரிமையாளரிடம் கேட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, நிர்வாகி கணக்கில் கையால் அழிக்கவும்.